பழைய ஜனதாவுக்கு ஸ்டீல் செயின் மாட்டிப் பார்த்தது: ஆறு வாரக் குறிப்பு

வாட்ச்: ஹெச்.எம்.டி. ஜனதா, சாவி கொடுக்கும் மாடல். கேஸ், அதாவது வாட்சின் வெளிக்கூடு, பித்தளை, அதன்மேல் நிக்கல், நிக்கலுக்கு மேல் குரோம். பின்மூடி மட்டும் ஸ்டீல். வார் மாட்டும் காதுகளுக்கு நடுவே வெர்னியரில் 18 மி.மீ. ஒப்பிட்டுப் பார்க்க, கேஸ் முழுக்க ஸ்டீலான சீக்கோ 5 ஒன்று. காலம் மதுரையின் சித்திரை, வைகாசி. கையில் வியர்வைக்குப் பஞ்சமே இல்லை.

குரோம் கெட்டியானது, கீறாது என்று பலர் தைரியமாகச் செயின் மாட்டுகிறார்கள். கெட்டிதான். ஆனால் பூச்சின் கனம் ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே. முட்டை ஓடு மாதிரி: பரவலாக அழுத்தினால் தாங்கும், ஒரே புள்ளியில் குத்தினால் விரிசல் விடும். அடியில் இருப்பதோ மெத்தென்ற பித்தளை. ஸ்டீல் கேஸில் விழும் கீறல் கீறலாகவே நின்றுவிடும். இதில் கீறலுக்குள் வியர்வை இறங்கி, பூச்சுக்கு அடியில் பித்தளையை அரிக்க ஆரம்பிக்கும். மூன்று மாதம் கழித்துப் பூச்சு கொப்புளமாக எழும்பும்போதுதான் கண்ணுக்கே தெரியும்.

முதல் வாரம். செயின் எங்கே உரசுகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்குக் கண்மை போதும். காதுகளின் உள்பக்கத்தில் பல்குச்சி நுனியால் மிக மெல்லிசாகத் தடவி, செயினை மாட்டி, மணிக்கட்டை மேலும் கீழுமாக ஐம்பது தடவை அசைத்துவிட்டுக் கழற்ற வேண்டும். கறுப்பு எங்கே செயினில் ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் தொடுகிறது. மார்க்கர் பேனாவைவிட இது நல்லது. மார்க்கரை அழிக்க ஸ்பிரிட், தின்னர் என்று தேட வேண்டிவரும். ஜனதாவின் அக்ரிலிக் கண்ணாடியில் அது பட்டால் நூல் நூலாக வெடிப்பு விழும். கண்மையை வெறும் துணியிலேயே துடைத்துவிடலாம்.

கண்மை காட்டியது இது. செயினின் முனைத்துண்டு, அதாவது காதுகளுக்கு நடுவே உட்காரும் கடைசித் துண்டு, காதின் உள்முகம் முழுவதையும் தொடவில்லை. பின்மூடிப் பக்கத்து மூலையில் மட்டும், பக்கத்துக்கு ஒரு புள்ளியாக, நான்கு காதுகளிலும் தொட்டது. முனைத்துண்டின் அகலம் 17.6 மி.மீ., ஆக 0.4 ஆட்டம். செயினின் எடை அறுபது கிராமுக்கு மேல். கையை இறக்கும்போதெல்லாம் அந்தக் கனம் முனைத்துண்டைச் சாய்க்கிறது, அதன் கூரான அடி மூலை போய் இடிக்கிறது. பழைய ஜனதாக்களில் மஞ்சளாகப் பித்தளை பல் இளிக்கும் இடமும் இதுவேதான். இடுக்கில் வண்டிப் புழுதியும் வியர்வையும் சேர்ந்தால் கறுப்பாக ஒரு பசை உருவாகும். ஐகிளாஸில் (வாட்ச் ரிப்பேர்காரர் கண்ணில் வைக்கும் பூதக்கண்ணாடி) பார்த்தால் அதற்குள் மணல் துகள் மின்னும். உப்புத்தாள் செய்கிற வேலையை அது நாள் முழுக்கச் செய்கிறது.

இரண்டாம், மூன்றாம் வாரம். திருத்தியது செயினை மட்டும். கேஸில் கை வைக்கவே கூடாது. முனைத்துண்டின் நான்கு மூலைகளையும் 600, பிறகு 1000, கடைசியில் 2000 நம்பர் வாட்டர் பேப்பரில், ஈரமாக வைத்து, விரல் நகத்தில் இழுத்தால் கீறாத அளவுக்கு மழுக்கியாயிற்று. தகடு மடித்த முனைத்துண்டு என்பதால், குறட்டின் வாயில் துணி சுற்றி, மடிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விரித்து ஆட்டத்தை 0.1க்குக் கொண்டுவந்தோம். ஒரே அழுத்தில் விரிக்கப் போய் ஒரு பக்கம் 18.1 ஆகிவிட்டது. அதை அப்படியே திணித்திருந்தால் காதையே பிளந்து அகட்டும். மறுபடி மடித்து 17.9இல் நிறுத்த வேண்டியதாயிற்று. திரும்பக் கண்மை வைத்துப் பார்த்தபோது தொடுமிடம் புள்ளியாக இல்லாமல் கோடாகப் பரவியிருந்தது. முனைத்துண்டு தகடாக இல்லாமல் கெட்டித் துண்டாக இருக்கும் செயினில் இப்படி வளைக்க முடியாது. அது பொருந்தினால் பொருந்தும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டியதுதான்.

இழுத்தால் நீளும் ஸ்பிரிங் செயினை ஒரே நாளில் கழற்றிவிட்டோம். எல்லா அளவுக்கும் பொருந்துவதற்காக அதன் முனை உள்ளே வெளியே நகரும். நகரும் தகட்டின் ஓரம் வெட்டுக்கத்தி மாதிரி இருக்கும். போதாததற்கு ஸ்பிரிங் எந்நேரமும் காதை இழுத்துக்கொண்டே இருக்கிறது. பூச்சுப் போட்ட கேஸுக்கு இதைவிடக் கெட்டது கிடையாது.

செயினைக் காதில் பிடித்து வைக்கும் ஸ்பிரிங் பின்னையும் பார்க்க வேண்டும். மாட்டியது 1.5 மி.மீ. பின். செயின் குழாயில் அது தளர்வாக நின்றால், ஆட்டம் முழுவதும் பின்னின் நுனிக்குப் போய், பித்தளைத் துளையை நீள்வட்டமாகத் தேய்க்கும். ஒரு நாள் பின் தெறித்து வாட்ச் தரையில் விழும். தடித்த பின் போட்டுத் துளையைக் கொஞ்சம் பெரிசாக்கித் தருகிறேன் என்று கடையில் சொன்னால், “வேண்டாம்ணே, அப்படியே கொடுங்க” என்று வாங்கிவந்துவிட வேண்டும். ஹெச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட 2016இலேயே முடிவெடுத்துவிட்டார்கள். இன்று புதுசாக விற்கும் கேஸ் பழைய கேஸுக்கு ஈடாகாது.

நான்காம் வாரத்திலிருந்து 18 மி.மீ. தோல் வார். எடை செயினில் கால்வாசிகூட இல்லை. ஆனால் தோலிலும் தப்பு நடக்கும். காதருகே தடிமனான வார் கேஸின் பக்கவாட்டில் அழுந்தி நிற்கும். வியர்வையில் ஊறிய தோலை அப்படியே இரவு முழுக்க விட்டால் பித்தளை தெரியும் இடமெல்லாம் பச்சைக் களிம்பு பிடிக்கும். முனையில் இரண்டு மி.மீ. கனத்துக்கு மேல் வேண்டாம். கழற்றியதும் வாட்சைக் கவிழ்த்து, வார் காற்றாட வைக்க வேண்டும்.

களிம்பு என்றதும் குத்துவிளக்கு நினைப்பில் புளி போடத் தோன்றும். போடவே கூடாது. புளிப்பு பூச்சுக்கு அடியில் ஊறிப்போய் மிச்சத்தையும் உரித்துவிடும். வாட்ச் ஆயில் ஒரு சொட்டு வைத்து ஊறவிட்டு, மூங்கில் பல்குச்சியால் சுரண்டி, பழைய வேட்டித் துணியால் துடைத்தால் போதும். தெற்காவணி மூல வீதிப் பக்கம் பூச்சுப் போட்டுத் தருவார்கள்தான். ஆனால் அதற்கு முன்னால் பஃப் போடும்போதே (சுழலும் துணிச் சக்கரத்தில் மெருகேற்றும்போதே) காதின் விளிம்பு கரைந்து உருண்டுபோகும். குழி விழுந்த இடம் பூச்சுக்கு அடியிலும் குழியாகவே தெரியும்.

ஆறாம் வாரக் கடைசியில் ஐகிளாஸில்: சீக்கோவின் காதில் மயிரிழைக் கோடுகள் மட்டும். ஜனதாவில் மூன்று காதுகள் சுத்தம். முதல் வாரம் நான்கிலும் மூலை இடித்தாலும், கீழ் இடது காதில் மட்டும் கடுகில் பாதி அளவுக்கு மஞ்சள் தெரிகிறது. அதன்மேல் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைத்திருக்கிறது. மாதம் ஒரு தடவை அதை உரித்து, அடியில் பச்சை வருகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்ப வைக்க வேண்டும்.