ராஸ்கோ தூண்டில் கடை: குளிர்கால நாட்குறிப்பு

டிசம்பர் 9

இன்று முதல் கடைக்குக் குளிர்கால நேரம். வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும்தான் திறப்போம். மற்ற நாட்களில் கதவில் முதலாளியின் கைபேசி எண் தொங்கும், அவசரம் என்றால் அழைக்கலாம். தூண்டில் கடையில் அப்படி என்ன அவசரம் என்று கேட்பவர்களுக்கு இந்த ஊரைத் தெரியாது.

ராஸ்கோ நியூயார்க் நகரத்திலிருந்து காரில் இரண்டு மணி நேரம். கேட்ஸ்கில் மலைப்பகுதி. வில்லோவீமாக், பீவர்கில் என்ற இரண்டு ஆறுகள் ஊர் ஓரத்தில் கலக்கின்றன. அமெரிக்காவில் ஈ கட்டி ட்ரவுட் மீன் பிடிக்கும் கலைக்கு இந்தத் தண்ணீர்தான் தாய்வீடு என்று இங்கே சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். பென்சில்வேனியாக்காரர் யாராவது பக்கத்தில் இருந்தால் சண்டை வரும்.

புதிதாகப் படிக்க வருபவர்களுக்கு: இதில் மண்புழு கிடையாது. இறகு, முடி, நூல் இவற்றை முள்ளில் சுற்றிப் பூச்சி மாதிரி செய்கிறோம். அதைத்தான் ஈ என்கிறோம். அதற்கு எடையே இல்லை என்பதால் தூக்கி எறிய முடியாது. எனவே தூண்டில் கயிற்றையே கனமாகச் செய்து கயிற்றை வீசுகிறோம், ஈ பின்னாலேயே போகிறது. ஐந்தாம் எண் கயிறு என்றால் அதன் முதல் 30 அடி 140 கிரெய்ன், அதாவது ஒன்பது கிராம்.

முன்பெல்லாம் அக்டோபர் நடுவில் பெரும்பாலான ஓடைகளை மூடிவிடுவார்கள். 2022 ஏப்ரலில் மாநில விதி மாறியது. இப்போது அக்டோபர் 16 முதல் மார்ச் 31 வரையும் பிடிக்கலாம். ஆனால் செயற்கை இரை மட்டும்தான், பிடித்ததைத் திரும்ப விட்டுவிட வேண்டும். அதனால் இந்தக் குளிரிலும் இரண்டு மூன்று பேர் வருகிறார்கள். தூண்டில் கோலின் வளையங்களில் பனிக்கட்டி அடைத்துக்கொள்கிறது என்று உதட்டுக்குப் போடும் மெழுகை அங்கே தடவுகிறார்கள். ஓரளவு வேலை செய்கிறது. நாங்கள் எல்லோரிடமும் சொல்லி அனுப்புவது ஒன்றுதான்: வெளிறித் தெரியும் சரளைக்கல் திட்டுகளை மிதிக்காதீர்கள். பிரவுன் ட்ரவுட் இலையுதிர் காலத்தில் முட்டையிட்டது அங்கேதான், குஞ்சு பொரிக்க வசந்தம் வர வேண்டும்.

டிசம்பர் 20

சரக்குப் பட்டியல் இறுதியாக வேண்டிய நாள். கோல், சுருள், ஆற்றில் இறங்கப் போடும் வேடர்ஸ் எல்லாம் இலையுதிர் காலத்திலேயே சொல்லியாயிற்று. முன்கூட்டிச் சொன்னால் தள்ளுபடி உண்டு, பணமும் வசந்தத்தில் கொடுத்தால் போதும். மே மாதம் மழை பெய்து ஆறு கலங்கிக் கிடந்தாலும் கொடுத்தாக வேண்டும் என்பதை விற்பனைப் பிரதிநிதிகள் சிரித்த முகத்தோடுதான் சொல்வார்கள்.

மிச்சம் இருந்தது ஈக்கள். இன்று முதலாளிக்கும் எனக்கும் வாக்குவாதம். அமெரிக்கக் கடைகளில் தட்டு தட்டாக அடுக்கியிருக்கும் ஈக்களில் பெரும்பங்கு கென்யா, தாய்லாந்து, இலங்கையில் பெண்கள் உட்கார்ந்து கட்டியவை. உள்ளூரில் கட்டுவதை இந்த வருடம் பாதியாகக் குறைத்துவிடலாம் என்றார் முதலாளி. ஒரு ஈக்கு அவர் எனக்குத் தரும் கூலியில் இறக்குமதி ஈ இரண்டு வாங்கலாம். கணக்கு சரிதான்.

இறக்குமதி என்றால் மட்டம் என்று பேசும் கூட்டம் இங்கே உண்டு. நான் அதில் இல்லை. இலங்கையிலிருந்து வந்த ஒரு டஜனைக் கொட்டிப் பார்த்தால் பன்னிரண்டும் அச்சில் வார்த்ததுபோல இருக்கும். என் பன்னிரண்டும் பன்னிரண்டு விதம். நான் சொன்னது வேறு: பீவர்கில்லில் ஏப்ரல் கடைசியில் வரும் பூச்சியின் நிறத்தை, அதைப் பார்த்தே இராதவர் பட்டியலில் உள்ள எண்ணை வைத்துக் கட்டுகிறார். அந்தப் பூச்சிக்கான ஹென்ட்ரிக்சன் என்ற ஈயை மட்டுமாவது நாமே கட்டுவோம், மற்றதெல்லாம் பெட்டியில் வரட்டும்.

"சரி, ஹென்ட்ரிக்சன் மட்டும்" என்றார். "ஏப்ரல் கடைசியில் மீதி கிடந்தால் நீயே வாங்கிக்கொள்."

ஜனவரி 11

சனிக்கிழமை வகுப்பு தொடங்கிவிட்டது. நீள மேசை, ஆளுக்கொரு பிடிப்பான், ஆளுக்கொரு விளக்கு, நடுவில் காபிக் குடுவை. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஒரு செவிலியர், பள்ளி மாணவன் ஒருவன். அவன்தான் எல்லோரையும்விட வேகம்.

எடுத்த எடுப்பில் ஹென்ட்ரிக்சன். இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1890-இல் தியோடர் கார்டன் என்பவர் இங்கிலாந்தில் ஹால்ஃபோர்டு என்ற மீன்பிடி எழுத்தாளருக்குக் கடிதம் எழுத, அவர் உலர் ஈ, அதாவது தண்ணீர்மேல் மிதக்கும் ஈ மாதிரிகளை உறையில் போட்டு அனுப்பினார். அங்குள்ள ஆறுகள் தெளிந்து மெல்ல ஓடுபவை. கேட்ஸ்கில் தண்ணீர் கல்லில் மோதி நுரைத்து ஓடுவது, அந்த ஈ இங்கே மூழ்கிவிடும். கார்டன் விறைப்பான சேவல் இறகு போட்டு, இந்த ஊர்ப் பூச்சிகளைப் பார்த்துப் புதிதாகக் கட்டினார். அவரிடம் கற்றவர் ராய் ஸ்டீன்ராட், பக்கத்து லிபர்ட்டி ஊரில் தபால் அலுவலக ஊழியர். 1916-இல் தான் கட்டிய ஒரு ஈக்கு, கூட மீன்பிடிக்க வரும் ஏ. இ. ஹென்ட்ரிக்சன் பெயரை வைத்தார். கார்டன் அதற்கு முந்தைய வருடமே இறந்துவிட்டார். அவர் மீன் பிடித்த நெவர்சிங்க் கரையில் ஒரு பகுதி இப்போது நியூயார்க் நகரத்துக்குக் குடிநீர் தரும் நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கிறது.

கட்டும் முறை: 14-ஆம் எண் முள். (எண் கூடக் கூட முள் சிறுத்துக்கொண்டே போகும், புதியவர்கள் எல்லோரும் குழம்புவது இங்கேதான்.) வுட் டக் வாத்தின் விலாவில் எலுமிச்சை நிறத்தில் மெல்லிய வரியோடிய இறகு வரும். அதில் ஒரு கொத்தை நிமிர்த்தி, நூலால் எட்டுப் போட்டு இரண்டாகப் பிரித்தால் சிறகு. வாலுக்கு சாம்பல் நிறச் சேவல் இறகின் நரம்பு சில. உடலுக்கு நரி முடி. அதிலும் பெண் செந்நரியின் அடிவயிற்று முடி, சிறுநீர் பட்டுப் பட்டு வெளிர் இளஞ்சிவப்பு ஏறியிருக்க வேண்டும். இதைச் சொன்னதும் செவிலியர் கையிலிருந்ததை மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். கழுவிச் சுத்தம் செய்ததுதான் என்று சொல்லியும் கேட்கவில்லை.

அந்த முடியை மெழுகு பூசிய நூலில் மிக மெல்லியதாக முறுக்க வேண்டும். எல்லோரும் அதிகமாகத்தான் வைப்பார்கள். "வைத்ததில் பாதியை எடு, அப்புறம் இன்னும் பாதியை எடு" என்பது முதலாளி வருடாவருடம் சொல்லும் வசனம். கடைசியாகச் சாம்பல் இறகைச் சிறகுக்கு முன்னும் பின்னும் சுற்றினால், ஈ அந்த இறகு முனைகளில் தண்ணீர்மேல் நிற்கும்.

ஜனவரி 27

வார இறுதியில் நியூ ஜெர்சி, எடிசன். வருடாவருடம் ஜனவரியில் அங்கே பெரிய ஃப்ளை ஃபிஷிங் கண்காட்சி நடக்கும். கோல்களைக் கையில் எடுத்து வீசிப் பார்க்க நடுவில் நீண்ட தொட்டி. ஆயிரம் டாலர் கோலை ஆளாளுக்கு வீசிப் பார்ப்பார்கள், வாங்குவது இறகுப் பொட்டலமாகத்தான் இருக்கும். நாங்களும் அதற்குத்தான் போனோம்.

இறகு விவகாரம் தனி உலகம். ஒரு காலத்தில் இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்த மலிவுச் சேவல் கழுத்துகளை வைத்துத்தான் கட்டினார்கள். அப்புறம் இறகுக்காகவே சேவலைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்க்கும் பண்ணைகள் வந்தன. இப்போது ஒரே இறகில் பல ஈ கட்டலாம், அவ்வளவு நீளம். 2011-இல் ராக் பாடகர் ஸ்டீவன் டைலர் தலைமுடியில் இறகு செருகித் தொலைக்காட்சியில் வரப்போக, அமெரிக்கப் பெண்கள் எல்லாம் அதே இறகைக் கேட்டு அழகு நிலையங்களுக்குப் படையெடுத்தார்கள். நிலையக்காரர்கள் தூண்டில் கடைகளுக்கு வந்தார்கள். இருந்ததை எல்லாம் அள்ளிக் கொடுத்துவிட்டு வசந்தத்தில் கட்ட இறகில்லாமல் உட்கார்ந்ததை முதலாளி இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். கொழுத்த லாபம், அதனால்தான் சிரிப்பு.

ஒரு மேசையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கழுத்துத் தோல். கறுப்பு இறகுகள், ஒவ்வொன்றின் நுனியிலும் மெழுகை ஒரு சொட்டு விட்டதுபோல வெள்ளையும் மஞ்சளுமாகப் பளபளப்பு. விலை அட்டையில் மூன்று இலக்கம். "ஜங்கிள் காக்" என்றார் கடைக்காரர். எனக்குச் சொல்லவா வேண்டும்? வால்பாறையில் எங்கள் வீட்டுப் பின்புறத் தேயிலைச் சரிவில் விடிகாலையில் கத்தும் சாம்பல் காட்டுக்கோழிதான் அது. இந்தியக் காடுகளில் மட்டும் வாழும் பறவையின் கழுத்து இறகு விக்டோரியா காலத்து சால்மன் ஈக்களில் கண் வைக்கப் போயிற்று. கப்பல் கப்பலாக ஏற்றுமதியாகி, பிறகு இந்தியா அதைத் தடை செய்தது. இப்போது விற்பவை கூண்டில் வளர்த்தவை, இதுவும் சான்றிதழோடு இருந்தது. சான்றிதழைப் படித்துவிட்டுத் திரும்பக் கொடுத்துவிட்டேன்.

மாலையில் ஓக் ட்ரீ சாலையில் முதலாளிக்கு நெய் ரோஸ்ட் வாங்கிக் கொடுத்தேன். சட்னியை ஸ்பூனால் குடித்தார்.

பிப்ரவரி 15

பழுது பார்க்கும் மாதம். போன சீசனில் ஒழுகிய வேடர்ஸை எல்லாம் மறுசீசன் வருமுன் கொண்டுவந்து போடுகிறார்கள். மார்புவரை வரும் நீர்புகாக் கால்சட்டை அது. எங்கே ஓட்டை என்று கேட்டால் "இடது கால் பக்கம்" என்பார்கள். ஊசிமுனை ஓட்டையைத் தேட ஒரு வழி இருக்கிறது. உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலை அடிக்க வேண்டும். மூச்சுவிடும் துணிதான் என்றாலும் நல்ல இடத்தில் ஒன்றும் தெரியாது. ஓட்டை உள்ள இடத்தில் ஒரு கரும்புள்ளி எழும். அதில் பசையை ஒரு சொட்டு விட்டால் முடிந்தது. முள்வேலியைத் தாண்டியவர்களின் துணியில் புள்ளிகள் வரிசையாக எழும், எந்தப் பண்ணை வழியாகத் திருட்டுத்தனமாக ஆற்றுக்குப் போனார் என்றே சொல்லிவிடலாம்.

காலணி அடிப்பாகத்தில் ஃபெல்ட் என்ற தடித்த நார்த் துணி ஒட்டியவர்களிடம் ரப்பருக்கு மாறச் சொல்கிறேன். ஃபெல்ட் வழுக்காது, அது உண்மை. ஆனால் காய நாளாகும், டிடிமோ என்ற பாசி அதில் ஒளிந்து ஆறுவிட்டு ஆறு போகும். பாறையில் சளி படிந்ததுபோலப் பரவும் அந்தப் பாசியை 2009-இல் பக்கத்து எஸோபஸ் ஓடையில் கண்டார்கள். ரப்பருக்கு மாறாதவர்களிடம் கழுவி நன்றாகக் காய வைத்துக்கொண்டு வாருங்கள் என்றாவது கெஞ்சுகிறோம்.

மார்ச் 8

பனி உருகுகிறது. ஆறு காபி நிறம். நாள் முழுக்கச் சுருள்களில் புதுக் கயிறு ஏற்றினேன். எழுத வேறொன்றும் இல்லை.

மார்ச் 23

இறக்குமதிப் பெட்டிகள் வந்துவிட்டன. தட்டுகளை நிரப்புவதுதான் இந்தக் கடையில் எனக்குப் பிடித்த வேலை. பூச்சிகள் வரும் வரிசைப்படி இடமிருந்து வலம்: கறுப்பு ஸ்டோன்ஃப்ளை, ப்ளூ குவில், குவில் கார்டன், ஹென்ட்ரிக்சன், மே நடுவில் மார்ச் பிரவுன், மே கடைசியில் கிரீன் டிரேக். பெயரில் மார்ச் இருந்தும் இங்கே மே மாதம்தான் வரும், வருடம் ஒருவராவது அதற்கு விளக்கம் கேட்பார்.

ஹென்ட்ரிக்சனில் பெண் பூச்சி வெளிர், சற்றுப் பெரிது. ஆண் செம்பழுப்பு. ஆணுக்கென்று ஆர்ட் ஃப்ளிக் என்பவர் கட்டிய ஈ ரெட் குவில். அந்த இரண்டு தட்டும் நானும் என் சனிக்கிழமை மாணவனும் கட்டியவை. மேலே "இங்கேயே கட்டியது" என்று முதலாளி அட்டை எழுதி வைத்தார், விலையையும் ஒரு டாலர் ஏற்றி.

ஏப்ரல் 1

சீசன் திறப்பு. விடிவதற்கு முன்பே கடை நிறைந்துவிட்டது. உரிமம் (மாநிலத்தவருக்கு வருடம் 25 டாலர், வெளியாருக்கு 50), கையுறை, காபி, ஆளுக்கு அரை டஜன் ஈ. எல்லோரும் ஜங்ஷன் பூல் என்ற கூடுதுறைக்கு நடந்தார்கள். அங்கே ஒரு பழங்கதை உண்டு: பீவர்கில் வழியாகப் போவதா, வில்லோவீமாக் வழியாகப் போவதா என்று முடிவெடுக்க முடியாமல் நின்ற ட்ரவுட் ஒன்றுக்கு இரண்டு தலை முளைத்ததாம். அதற்கு பீமாக் என்று பெயர்.

தண்ணீர் 39 டிகிரி ஃபாரன்ஹீட். இந்தக் குளிரில் ட்ரவுட் அடியில் கிடக்கும், மேலே வந்து ஈயைக் கொத்தாது. எல்லோருக்கும் தெரியும், இருந்தும் உலர் ஈயைத்தான் வீசினார்கள். மதியத்துக்குள் விறைத்துத் திரும்பினார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை.

"இங்கேயே கட்டியது" தட்டில் பாதி காலி. ஆனால் தண்ணீருக்குப் போனதாகத் தெரியவில்லை. நகரத்திலிருந்து வந்தவர்கள் தொப்பியில் குத்திக்கொண்டு போனார்கள். தண்ணீரில் போட்டதெல்லாம் கென்யா ஈ. முதலாளி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

ஏப்ரல் 26

அம்மா தொலைபேசியில். "மீன் கிடைச்சுதா?" பிடித்ததை விட்டுவிடுவோம் என்று எத்தனை தடவை சொன்னாலும் ஏற்பதில்லை. ஊட்டிக்குப் பக்கத்தில் அவலாஞ்சியில் வெள்ளைக்காரர்கள் ட்ரவுட்டைக் கொண்டுவந்து விட்டது சாப்பிடத்தானே என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

மற்றபடி, வந்துவிட்டது. குக்ஸ் ஃபால்ஸ் பக்கம் மதியம் இரண்டு மணிக்குத் தண்ணீர் 50 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டது என்று ஒருவர் ஓடிவந்து சொன்னார். அடுத்த அரை மணியில் ஆற்றின்மேல் சாம்பல் சிறகுகள், ஆற்றின் எல்லா மடுக்களிலும் மீன்கள் எழுகின்றனவாம். கடையில் இருந்த அத்தனை பேரும் காருக்கு ஓடினார்கள். முதலாளியும்தான், கல்லாப்பெட்டியைக்கூட மூடாமல்.

நான் தொலைபேசியோடு உட்கார்ந்தேன். நியூ ஜெர்சி, கனெக்டிகட், ப்ரூக்ளின், எல்லோருக்கும் ஒரே கேள்வி. வந்துவிட்டது, 14-ஆம் எண், பெண் பூச்சி அதிகம், நாளைக்கும் இருக்கும், வாருங்கள் என்றேன்.

நான்கு மணிக்கு முதலாளி இடுப்புவரை ஈரத்தோடு உள்ளே வந்தார். நேராக என் தட்டுக்குப் போய் எட்டு ஹென்ட்ரிக்சன் எடுத்தார். முன்னால் கொண்டுபோனதெல்லாம் மீனிடம் போனதா, மரக்கிளையில் போனதா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் கதவைத் திறந்தார்.

கணக்கில் எழுதிக்கொண்டேன், ஏற்றிய அந்த ஒரு டாலரையும் சேர்த்து.