யூகான் ஆற்றில் ஆறு நாளும், கிடைக்காத ஒரு காரும்

முதலில் அந்த வாடகைக் கார்க்காரர்களைத் திட்டிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். ஊர் திரும்பி நாலு நாளாகியும் கடுப்பு அடங்கவில்லை.

எங்கள் திட்டம் இதுதான். டொராண்டோவிலிருந்து வான்கூவர் வழியாக வைட்ஹார்ஸ், அதாவது கனடாவின் வடமேற்கு மூலையில் இருக்கும் யூகான் பிரதேசத்தின் தலைநகர். அங்கே கார் எடுத்து, டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலையில் ஏறி, ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி, டுக்டோயாக்டுக் என்கிற கடற்கரைக் கிராமம் வரை போய் வடதுருவக் கடலில் கால் நனைப்பது. 2017 நவம்பரில் இனுவிக் என்கிற ஊரிலிருந்து கடைசி 138 கிலோமீட்டர் சாலையைத் திறந்தார்கள். அதற்கு முன் அந்தக் கிராமத்துக்குக் காரில் போக வேண்டுமானால் குளிர்காலத்தில் உறைந்த பனியின் மேல்தான் ஓட்ட வேண்டும். செய்தியைப் படித்த நாளிலிருந்து எனக்கு அந்தச் சாலை மேல் ஒரு பித்து. கூட வந்தது என் மச்சினன், டொராண்டோவில் படிக்கிறவன். என்னை அத்தான் என்பான். திட்டம் கெட்டுப்போகும்போது மட்டும் கொஞ்சம் அழுத்தி ‘அத்தான்’ என்பான்.

வைட்ஹார்ஸ் விமான நிலையத்தில் கார் கவுண்டரில் நின்றோம். ஒன்பது நாளைக்கு முன்பதிவு செய்து, பணமும் கட்டியாகிவிட்டது. எங்கே போகிறீர்கள் என்று சிரித்துக்கொண்டே கேட்டார் அங்கிருந்தவர். டெம்ப்ஸ்டர் என்றேன். சிரிப்பு நின்றது. சரளைச் சாலையில் இந்தக் காரை ஓட்டக் கூடாதாம். ஓட்டினால் காப்பீடு செல்லாதாம். டெம்ப்ஸ்டரோ தொடங்கும் இடத்திலிருந்து இனுவிக் வரை 700 கிலோமீட்டருக்கு மேல் சரளையே. கூர்மையான கல், டயரைக் கிழிக்கும், ரெண்டு உபரி டயர் இல்லாமல் யாரும் போவதில்லை. எல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் முன்பதிவு செய்த பக்கத்தில் எந்த மூலையில் இது எழுதியிருந்தது என்று இன்றுவரை தேடுகிறேன்.

வேறு வழி என்று ஒரு பிக்கப் லாரியைக் காட்டினார். நாளுக்கு 280 டாலர். ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர் தாண்டினால் கிலோமீட்டருக்கு 45 சென்ட் கூடுதல். வைட்ஹார்ஸிலிருந்து அந்தக் கடலுக்குப் போய்வர 2,700 கிலோமீட்டர். மச்சினன் செல்போனில் கணக்குப் போட்டுவிட்டு, ‘அத்தான்’ என்றான். அழுத்தித்தான். பெட்ரோலுக்கு முன்பே 2,500 டாலரைத் தாண்டியது. வேண்டாம் என்றோம். ரத்துக் கட்டணம் என்று ரெண்டு நாள் வாடகையைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தந்தார்கள். ஓட்டாத காருக்கு ரெண்டு நாள் வாடகை கொடுத்த முதல் ஆள் நான் இல்லை என்று அந்தக் கவுண்டர்காரர் ஆறுதல் வேறு சொன்னார்.

அன்றிரவு ஹாஸ்டலில் மணி பதினொன்று. ஜன்னலில் வெயில். ஜூன் கடைசியில் அங்கே இருட்டே கிடையாது. சூரியன் கொஞ்ச நேரம் கீழே இறங்கும், ஆனால் வானம் வெளுப்பாகவே இருக்கும். தூக்கம் வராமல் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு ஜெர்மன் தம்பதியைப் பார்த்தோம். அந்த ஊரில் எங்கு திரும்பினாலும் ஜெர்மன்காரர்கள்தான். கோடையில் பிராங்க்பர்ட்டிலிருந்து நேரடி விமானமே இருக்கிறது. அந்த அம்மாள் எங்கள் கதையைக் கேட்டுவிட்டு, ‘காரை விடுங்கள். ஆறு இருக்கிறதே, அதற்கு டயர் வேண்டாம்’ என்றார். அவர்கள் மறுநாள் கார்மாக்ஸ் என்கிற ஆற்றோர ஊருக்குப் போய், அங்கிருந்து கனோ என்கிற துடுப்புப் படகில், யூகான் ஆற்றோடு, டாசன் என்கிற பழைய தங்க வேட்டை ஊருக்குக் கிளம்புகிறார்கள். ஏறத்தாழ 400 கிலோமீட்டர். ஆறே தள்ளிக்கொண்டு போகும், துடுப்பு சும்மா திசைக்குத்தான் என்றார். அது முழு உண்மை இல்லை என்பது பிறகு தோளுக்குத் தெரிந்தது.

நாங்கள் ஒன்றும் சூரர்கள் இல்லை. ஒன்டாரியோவின் அல்கான்குவின் பூங்கா ஏரிகளில் மூணு கோடை கனோ ஓட்டிய அனுபவம், அவ்வளவுதான். படகு வாடகைக்குத் தரும் கடையில் அதைச் சொன்னோம். போதும், ஒரே ஓர் இடத்தில் மட்டும் கவனம் என்று வரைபடத்தில் வட்டம் போட்டுத் தந்தார்கள். கனோ, துடுப்பு, லைஃப் ஜாக்கெட், உணவு வைக்கக் கரடி திறக்க முடியாத பீப்பாய், படகை டாசனில் விட்டுவிட்டு வரும் கட்டணம் எல்லாம் சேர்த்து 520 டாலர். கார்மாக்ஸ் வரை 180 கிலோமீட்டர் வேனில் கொண்டுபோய் விடத் தனிக் காசு. அப்புறம் கரடி ஸ்ப்ரே, 55 டாலர். விமானத்தில் கொண்டுவர விடமாட்டார்கள் என்பதால் எல்லோரும் அங்கேயே வாங்கித்தான் ஆக வேண்டும், விலையும் அதற்கேற்ப.

வட்டம் போட்ட இடத்தின் பெயர் ஃபைவ் ஃபிங்கர் ராபிட்ஸ், ஆறு சீறிப் பாயும் ‘ஐந்து விரல்’ இடம். ஆற்றின் குறுக்கே நான்கு பாறைத் தீவுகள் நிற்கின்றன. தண்ணீர் ஐந்து விரலாகப் பிரிகிறது. வலது கைப்பக்க விரலில்தான் போக வேண்டும். அந்தக் காலத்து நீராவிக் கப்பல்களும் அதில்தான் போயின. எதிரோட்டத்தில் ஏறும்போது இரும்புக் கயிறு கட்டி இழுத்து ஏற்றினார்களாம். ஒரு மணி நேரமாக ‘வலது, வலது’ என்று சொல்லிக்கொண்டே வந்தோம். பாறை கண்ணில் பட்டதும் மச்சினன் இடதுபக்கம் கையைக் காட்டி ‘வலது’ என்றான். நான் கத்திய கத்தில் கரையில் உட்கார்ந்திருந்த கழுகு பறந்துவிட்டது. மூன்று பெரிய அலை, மடியில் ரெண்டு வாளித் தண்ணீர், முடிந்துவிட்டது. ஒரு நிமிஷம்கூட இல்லை. இதற்குத்தானா ராத்திரி தூங்கவில்லை என்று இருந்தது. இன்னொரு தரம் போகலாமா என்றும் இருந்தது.

அதன்பின் ரெண்டு நாள் சொல்ல ஒன்றுமில்லை. ஆறு, தளிர்ப்பச்சையில் மலை, ஆறு. யூகான் பிரதேசம் தமிழ்நாட்டைவிட மூன்றரை மடங்குக்கு மேல் பெரிசு, மக்கள்தொகை ஏறத்தாழ 45 ஆயிரம், அதிலும் பெரும்பாலோர் வைட்ஹார்ஸில். எங்கள் நெல்லையப்பர் தேரோட்டத்துக்கு இதைவிடக் கூட்டம் வரும். ஆற்றில் நாளுக்கு நாலு படகு கண்ணில் பட்டால் அன்று நெரிசல்.

மூன்றாம் நாள் ஃபோர்ட் செல்கிர்க். பெல்லி ஆறு வந்து கலக்கும் இடம். எதிர்க்கரையில் எரிமலைக் குழம்பு உறைந்த கருங்கல் சுவர், அரண்மனை மதில் மாதிரி நீளமாக நிற்கிறது. 1848-இல் ஹட்சன் பே கம்பெனி என்கிற மென்மயிர்த்தோல் வியாபாரக் கம்பெனி இங்கே கடை போட்டது. அதுவரை உள்நாட்டு மக்களோடு வியாபாரம் செய்துவந்த சில்கட் டிலிங்கிட் என்கிற கடலோரப் பூர்வகுடிக்காரர்களுக்குப் பிழைப்பில் மண். 1852-இல் வந்து கடையைச் சூறையாடிவிட்டுப் போனார்கள். பிறகு தங்க வேட்டைக் காலத்தில் ஊர் மறுபடி எழுந்தது. 1950களில் டாசனுக்கு ரோடு வேறு பக்கமாகப் போட்டதும் கப்பல் நின்றது, ஊரும் காலியானது. இன்றும் சாலை கிடையாது. படகில் போகலாம், இல்லாவிட்டால் சின்ன விமானம். பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகள் அப்படியே இருக்கின்றன. ஒரு ரோட்டுக்கு ஓர் ஊரையே கொல்ல முடியும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அப்போது ரோடு என்றாலே கோபம், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். இதைத்தான் முதலில் எழுத நினைத்திருந்தேன்.

வீட்டிலிருந்து வறுத்த ரவை, அவல், ஒரு பெரிய டப்பா புளிக்காய்ச்சல், மிளகாய்த்தூள், எலுமிச்சை ஊறுகாய் கொண்டுபோயிருந்தோம். வாசனையுள்ள எதுவும் கூடாரத்துக்குள் வரக் கூடாது, பற்பசைகூட. எல்லாம் பீப்பாயில் போட்டுப் பூட்டி நூறு மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். புளிக்காய்ச்சல் டப்பாவை மட்டும் மச்சினன் ரெண்டு பிளாஸ்டிக் பையில் கட்டினான். கரடிக்குப் பெருங்காயம் பிடிக்குமா பிடிக்காதா என்று ராத்திரி அரை மணி நேரம் விவாதம்.

நாலாம் நாள் சாயங்காலம் நடு ஆற்றில் ஒரு கூழாங்கல் தீவில் ஒதுங்கினோம். தீவில்தான் தங்க வேண்டும். காற்று அடிப்பதால் கொசு குறைவு. கரையோரப் புதரில் இறங்கினால் கொசு முகத்தில் போர்வை போர்த்திவிடும். அங்கே ஏற்கெனவே நம் ஜெர்மன் தம்பதி. கணவர் ஓர் ஓடை வாயில் தூண்டில் போட்டு ஆறு கிரேலிங் மீன் பிடித்து வைத்திருந்தார். அந்த மீனின் முதுகில் பாய்மரம் மாதிரி பெரிய துடுப்பு, வெயிலில் திருப்பினால் நீலமும் ஊதாவுமாக மினுங்கும். உப்பும் வெண்ணெயும் போட்டு வாட்டத் தயாரானார்கள். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. மிளகாய்த்தூள், உப்பு, ஊறுகாயில் இருந்த எலுமிச்சையை மசித்து, மூன்றையும் குழைத்து, மூணு மீனில் தடவினேன். கல் மேல் பத்து நிமிஷம். வாணலியில் எண்ணெய் காய்ந்து மீன் விழுந்ததும் அந்தத் தீவு முழுக்க எங்கள் ஊர் மணம்.

தோல் மொறுமொறு, உள்ளே வெள்ளைச் சதை இதழிதழாகப் பிரிகிறது. ஆற்று மீனின் சேற்று வாடை துளிகூட இல்லை. கண்ணில் தண்ணீரோடு அந்த அம்மாள் ரெண்டாவது மீனுக்குக் கை நீட்டினார். மீதி மூணு மீனும் அப்படியே ஆயின. அவர்கள் கொண்டுவந்த ரொட்டி, எங்கள் புளியோதரை, மீன். ராத்திரி பத்தரை மணி வெயிலில், சட்டியை வழித்து. டொராண்டோவில் ஐம்பது டாலர் கொடுத்து எத்தனையோ இடத்தில் மீன் தின்றிருக்கிறேன். ஒன்றும் பக்கத்தில் நிற்காது.

சால்மன் ஏன் இல்லை என்று கேட்டேன். யூகான் ஆற்றின் ராஜா சால்மன் அருகிப்போய், 2024-இல் கனடாவும் அலாஸ்காவும் ஏழு வருஷத்துக்குப் பிடிக்கக் கூடாது என்று ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. பெரிங் கடலிலிருந்து இந்த 3,000 கிலோமீட்டர் ஆற்றை எதிர்த்து ஏறி வரும் மீன் அது. அதை நம்பி வாழ்ந்த பூர்வகுடிகள் பலருக்கு இப்போது கோடை மீன்பிடி முகாம் இல்லை. கிரேலிங் தின்ற வாய் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது.

அடுத்த நாள் வெள்ளை ஆறு வந்து சேர்ந்தது. பனிப்பாறை அரைத்த மாவும் எரிமலைச் சாம்பலும் சுமந்துகொண்டு வருகிறது. ஒரு வளைவுக்குள் எங்கள் பச்சைத் தண்ணீர் பால் காப்பி நிறமானது. அப்போதுதான் அந்தச் சத்தம். உஸ்ஸ்ஸ் என்று, கோலி சோடாவின் குண்டை உள்ளே தள்ளியதும் வருமே, அது நிற்காமல் வந்தால் எப்படி இருக்கும், அப்படி. படகில் ஓட்டை என்று மச்சினன் காலுக்கடியில் தடவிப் பார்த்தான். நான் குனிந்து படகின் அடித்தகட்டில் காது வைத்தேன். மண்துகள் படகின் வயிற்றை உரசிக்கொண்டு போகிற சத்தம். துடுப்பின் பிடியை நெற்றியில் வைத்தால் அது மண்டைக்குள்ளேயே கேட்கிறது. டாசன் வரை கூடவே வந்தது. (குடிதண்ணீரை வெள்ளை ஆறு சேரும் முன்பே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், அதன் பிறகு பக்கத்து ஓடைகள்தான் கதி.)

டாசன் பற்றித் தனியாக எழுத வேண்டும். மண் தெரு, பலகை நடைபாதை; அடியில் உறைந்த மண் இளகி, ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கும் பழைய கட்டடங்கள். 1896-இல் பக்கத்து ஓடையில் தங்கம் கிடைத்து, ரெண்டு வருஷத்தில் முப்பதாயிரம் பேர் குவிந்த ஊர். இப்போது ரெண்டாயிரம் பேர்கூட இருப்பார்களா தெரியவில்லை. அங்கே ஒரு ஹோட்டலில் மதுக் கோப்பைக்குள் பதம்செய்த மனிதக் கால்விரலைப் போட்டுக் கொடுக்கிறார்கள், அது உதட்டில் படக் குடித்தால் சான்றிதழ். விழுங்கினால் 2,500 டாலர் அபராதம். மச்சினன் பட்ஜெட்டைக் காரணம் காட்டித் தப்பித்தான். பொனான்சா ஓடையில் ஆறாம் எண் துண்டு நிலத்தில் யாரும் இலவசமாகத் தங்கம் அரிக்கலாம். மூணு மணி நேரம் முதுகு ஒடிய அரித்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு பொட்டு. அதையும் தும்மலில் தொலைத்தோம்.

வைட்ஹார்ஸுக்குத் திரும்ப 530 கிலோமீட்டர் வேன். முன்பே பேசிய காசுக்கு மேல் பைக்கு இருபது, ஈரமான பை என்பதால் இன்னும் பத்து என்றார் ஓட்டுநர். ஆறு நாள் ஆற்றில் இருந்த பை வேறு எப்படி இருக்கும்? கொடுத்தேன். வழியில் ஒரு கடையில் தலை அளவு இலவங்கப்பட்டை பன் வாங்கினோம், அதில் பாதியை அவருக்கே கொடுத்தோம். நம் புத்தி அப்படி.

செலவுக் கணக்கு வரிசையாகத் தருகிறேன் என்று நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். சுருக்கமாக: விமானம் ஆளுக்கு 940, படகும் வேன்களும் சேர்த்து இருவருக்கும் 1,000 சொச்சம், ஓட்டாத கார் 260, ஆற்றோரக் கூடாரத்துக்குப் பைசா இல்லை. சில கரைகள் பூர்வகுடிகளின் சொந்த நிலம், வரைபடத்தில் பார்த்து ஒதுங்குங்கள். இருட்டே இல்லாத ஊருக்குப் புதிதாக வாங்கிய தலைவிளக்கு ரெண்டு, 90 டாலர், இன்னும் அட்டையைக்கூடப் பிரிக்கவில்லை.

கடைசி இரவு அதே ஹாஸ்டல். ஒருமுறைகூட அமுக்காத கரடி ஸ்ப்ரேயை என்ன செய்வது என்று கேட்டேன். மாடிப்படிக்குக் கீழே அலமாரி இருக்கிறது, அதில் வைத்துவிடுங்கள் என்றார்கள். திறந்தேன். பதினோரு கரடி ஸ்ப்ரே வரிசையாக நின்றன. மேலே ஒரு காகிதம்: ‘வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம், இலவசம்.’

பக்கத்தில் நின்ற மச்சினன், ‘அத்தான்’ என்றான்.