பெலேமில் ஒரு ரசமட்டம்

லிஸ்பனில் பெலேம் பக்கம் போகிறவர்கள் எல்லாரும் ஜெரோனிமோஸ் மடாலயத்தைப் பார்க்கத்தான் போவார்கள். நாங்களும் அதற்காகத்தான் 15ஆம் எண் டிராமில் நெரிசலில் நசுங்கிக்கொண்டு போனோம். இறங்கிப் பார்த்தால் வரிசை வெயிலில் வளைந்து வளைந்து நிற்கிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி. "இது அப்புறம் இருக்கட்டும். நிழலா ஏதாவது இருக்கா பாரு" என்றார். அதே கட்டடத்தின் மேற்குக் கோடியில் கடல்சார் அருங்காட்சியகம். கூட்டமே இல்லை. நுழைந்துவிட்டோம்.

வாஸ்கோ ட காமா சமாசாரங்களை வேகமாகத் தாண்டினேன். கோழிக்கோட்டில் அவர் அடித்த கொட்டத்தை நினைத்தால் நின்று பார்க்க மனசு வரவில்லை. எதிர்ப்புறக் கூடத்தில் அரச குடும்பத்தின் படகுகள், தங்கப் பூச்சோடு. அவற்றோடு கொஞ்சமும் ஒட்டாமல் ஒரு விமானம். இரண்டடுக்கு இறக்கை, துணி போர்த்திய உடம்பு, சக்கரத்துக்குப் பதில் மிதவைகள். பெயர் 'சாண்டா க்ரூஸ்'. இருவர் உட்காரும் இடத்துக்கு மேலே கூரை கிடையாது.

1922இல் தென் அட்லாண்டிக்கை முதன்முதலாக விமானத்தில் கடந்தவர்கள் காகோ கூட்டின்யோவும் சகதூரா கப்ராலும். இருவருமே போர்த்துகீசியக் கடற்படைக்காரர்கள். கப்ரால் ஓட்டினார். 53 வயது கூட்டின்யோ வழி சொன்னார். மார்ச் 30ஆம் தேதி லிஸ்பனில் கிளம்பி, ஜூன் 17ஆம் தேதி ரியோ டி ஜெனிரோ போய்ச் சேர்ந்தார்கள். நாள் கணக்கைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். வழியில் இரண்டு விமானங்கள் கடலுக்குப் போய்விட்டன. இங்கே நிற்பது மூன்றாவது.

என்னைக் கேட்டால் விமானத்தைவிட முக்கியமானது கூட்டின்யோவின் செக்ஸ்டன்ட்தான். பித்தளை வில், சின்னத் தொலைநோக்கி, சூரியனைப் பார்க்க நிறக் கண்ணாடிகள். கப்பல்காரர்கள் காலங்காலமாக வைத்திருந்த கருவிதான். சூரியனோ நட்சத்திரமோ தொடுவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று கோணம் அளந்து, அந்த நொடியின் நேரத்தையும் குறித்துக்கொண்டு, நாம் எந்தக் கோட்டின் மேல் இருக்கிறோம் என்று கணக்குப் போடுவார்கள். விமானத்தில் சிக்கல் என்னவென்றால், மேகமோ மூட்டமோ கீழே பரவினால் தொடுவானமே தெரியாது. கூட்டின்யோ அதற்குப் போட்ட வழியை அப்பாதான் முதலில் கண்டுபிடித்தார்.

"இங்க பாரு, இது நம்ம ரசமட்டம்தானே!"

அப்பா காரைக்குடியில் முப்பது வருஷம் கட்டட மேஸ்திரி. அவர் கண்ணுக்குத் தப்புமா? ரசமட்டமேதான். குமிழ் ஓடும் சின்னக் கண்ணாடிக் குழாய். குமிழும் சூரியனும் ஒரே பார்வையில் தெரியும்படி கண்ணாடி பொருத்தியிருக்கிறார். குமிழ் நிற்கும் மட்டம்தான் தொடுவானம். அதாவது, தொடுவானத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

"ஓடுற லாரியில வச்சா குமிழ் எப்படி நிக்கும்?" என்றார் அப்பா. சரியான கேள்வி. விமானம் கொஞ்சம் திரும்பினாலும், வேகம் கூடிக் குறைந்தாலும் குமிழ் பொய் சொல்லும். அதனால் அளக்கிற நேரத்தில் ஓட்டுபவர் நூல் பிடித்த மாதிரி நேராகப் போகவேண்டும். அளப்பவரும் ஒரு முறைக்குப் பல முறை பார்த்துச் சராசரி எடுக்கவேண்டும். முழுநிலவின் அகலம் வானத்தில் அரை பாகைதான். அந்த அரை பாகை பிசகினால் கடலில் ஏறக்குறைய 55 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். கடிகாரம் 4 வினாடி தப்பினால், நிலநடுக்கோட்டுப் பக்கம் கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர். காற்று விமானத்தை எவ்வளவு பக்கவாட்டில் தள்ளுகிறது என்று தெரிய, கடலில் புகைக்குண்டு போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அதையும் கணக்கில் சேர்க்க இருவரும் தனியாக ஒரு கருவியே செய்திருந்தார்கள்.

இதையெல்லாம் நம்பித்தான் ஏப்ரல் 18ஆம் தேதி கேப் வெர்டேவிலிருந்து கிளம்பினார்கள். இலக்கு, நடு அட்லாண்டிக்கில் புனித பீட்டர், பால் பாறைகள். தீவு என்று சொல்லவே கூசும், கைப்பிடிக் கற்கள். 11 மணி நேரத்துக்கு மேல் பறந்து, எரிபொருள் தீரும் தறுவாயில் பாறைகளை நேராகப் போய்ப் பிடித்தார்கள். இறங்கும்போது அலை மிதவையைப் பிய்த்துவிட்டது. விமானம் மூழ்கியது. ஆட்களைக் காத்திருந்த போர்க்கப்பல் காப்பாற்றியது.

அடுத்து அவர்கள் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. இரண்டாவது விமானம் பிரேசிலுக்குச் சொந்தமான பெர்னாண்டோ டி நொரோன்யா தீவுக்கு வந்தது. அங்கிருந்து நேராகப் பிரேசில் கரைக்குப் போயிருக்கலாம். இவர்களோ விட்ட இடத்திலிருந்துதான் தொடர்வோம் என்று அந்தப் பாறைகள் வரை பின்னோக்கிப் பறந்தார்கள். திரும்பும் வழியில் இன்ஜின் நின்றது. ஒன்பது மணி நேரம் கடலில் மிதந்து கிடந்தவர்களை ஒரு பிரிட்டிஷ் சரக்குக் கப்பல் தேடிப் பிடித்தது.

"பிடிவாதக்காரனுங்க" என்றார் அப்பா. குரலில் மெச்சுதல்தான்.

கப்ரால் 1924இல் வட கடலுக்கு மேலே விமானத்தோடு காணாமல் போனார். உடல் கிடைக்கவில்லை. கூட்டின்யோ 1959 வரை இருந்தார்.

வெளியே வந்தபோது மடாலய வரிசை இன்னும் நீண்டிருந்தது. ஆளுக்கு ஒரு முட்டை டார்ட் வாங்கிக்கொண்டு ஆற்றங்கரைக்கு நடந்தோம். பெலேம் கோபுரத்துக்குப் பக்கத்தில் அதே விமானத்தின் மாதிரியை உலோகத்தில் செய்து வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் அதன் கீழே படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

"அந்தக் குழாய்க்குள்ள என்ன ஊத்தியிருப்பான்? நம்ம ரசமட்டத்துல ஸ்பிரிட்டு. இதுலயும் அதானா?"

திரும்பிப் போய்ப் பார்க்கலாம் என்றார். போனோம்.