தண்ணீர்ச் சண்டையில் தெரியாத நோய்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி பக்கத்துக் குழந்தைகளுக்கு மனநல ஆலோசனை சொல்வது என் வேலை. மலை மறைவில் கிடக்கிற, மழை குறைந்த ஊர்கள். கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் வீட்டில், ஒரு பிள்ளை கை கழுவியே வாளியைக் காலி செய்தால் அன்றைக்கே சண்டை வரும். "தண்ணியோட அருமை தெரியல மேடம்" என்று திட்டிக்கொண்டேதான் கூட்டி வருவார்கள். ஆனாலும் வந்துவிடுகிறார்கள்.

இப்படி ஓயாமல் கை கழுவவைப்பது ஓசிடி. வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, அந்தப் பயத்தைத் தணிக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மனநோய். அதில் தண்ணீர் செலவில்லாத வகைதான் எனக்குக் கவலை. மனசுக்குள்ளேயே எண்ணிக்கொண்டிருப்பது, பிசகாமல் முடியும்வரை ஒரே பிரார்த்தனையைத் திரும்பத் திரும்பத் தொடங்குவது, எழுத்து சரியாக அமையவில்லை என்று தாள் கிழியும்வரை அழிப்பது. விடை தெரிந்திருந்தும் பரீட்சையில் பாதிக் கேள்வி விட்டுப்போகும். பள்ளியில் சோம்பேறி என்பார்கள், வீட்டில் பக்தி என்பார்கள்.

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன். (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) அரிவாள்மனையைக் கண்டால் வெளியே ஓடிவிடுவான். படுக்கும்முன் அம்மாவிடம், "நான் நல்லவன்தானே?" என்று ஓயாமல் கேட்பான். கோயில்களுக்குப் போய்க் கயிறு கட்டியாயிற்று. நான் தனியாக உட்காரவைத்து, "வேண்டாத யோசனை நிறையப் பிள்ளைகளுக்குத் தானா வரும். தம்பி தங்கச்சியை ஏதாவது செஞ்சிருவோமோன்னுகூட வரும். உனக்கும் வருதா கண்ணு?" என்றேன். உடைந்து அழுதான். தங்கச்சியை வெட்டிவிடுவேனோ என்ற பயம். அவள் மேல் அவனுக்கு உயிர். அதனாலேயே அவள் தூங்கும் அறைக்குப் போகாமல் திண்ணையில் படுத்துக்கொண்டிருந்தான்.

இந்தப் பிள்ளைகள் ஆபத்தானவர்கள் இல்லை. அந்த எண்ணத்தை அவர்கள் வெறுக்கிறார்கள், அதனால்தான் இத்தனை பயம். தாமாகப் பெரும்பாலும் சொல்லமாட்டார்கள். கேட்பவர்தான் முதலில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கேட்டால் யோசனையைப் புகுத்திவிடுவோமோ என்று ஆசிரியர்கள் தயங்குகிறார்கள். அது ஏற்கெனவே உள்ளே இருக்கிறது.

பயப்படுவதைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கவைத்து, பயத்தைத் தணிக்க வழக்கமாகச் செய்வதைச் செய்யாமல் பொறுத்திருக்கப் பழக்குவதுதான் சிகிச்சை. இங்கிலாந்தில் விக்டர் மேயர் 1966-ல் இந்த முறையை விவரித்தார். நம் பையன் முதலில் 'அரிவாள்மனை' என்று எழுதிப் பார்த்தான். பிறகு அம்மா காய் நறுக்கும்போது அடுப்படியில் உட்கார்ந்தான். கடைசியில் தங்கச்சியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேங்காய் துருவினான். எந்தப் படி எப்போது என்பதை அவனோடு பேசித்தான் முடிவு செய்தோம்.

அம்மாவுக்குத்தான் இது கஷ்டமாக இருந்தது. "நீ நல்லவன்தான் கண்ணு" என்ற பதில் கொஞ்ச நேரம்தான் தாங்கும், அப்புறம் மறுபடி அதே கேள்வி. பதில் கிடைக்கக் கிடைக்க நோய் வளரும். "பெத்த பிள்ளை கேக்குது, எப்படிச் சொல்லாம இருக்கறது?" என்று அந்த அம்மா அழுதார். எடுத்த எடுப்பில் நிறுத்தச் சொல்லவில்லை. பையனிடமும் பேசிவைத்து, ராத்திரிக்கு ஒரு பதில் மட்டும் என்று தொடங்கினோம். அதற்குமேல் கேட்டால், "இது ஓசிடி கேக்குற கேள்வி, நான் பதில் சொல்லல, உன்கூடவே இருக்கேன்." அம்மா சொல்லாததை அப்பத்தா ரகசியமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசிய பிறகுதான் விஷயம் நகர்ந்தது.

நோய் கடுமையாக இருந்தால் மனநல மருத்துவர் செர்ட்ராலின் போன்ற மருந்து தருவார். பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். தொடக்க வாரங்களில் பிள்ளையின் மனநிலையை, குறிப்பாகத் தற்கொலை எண்ணம் வருகிறதா என்று கவனிக்க வேண்டும். நாமாக நிறுத்தவும் கூடாது. அமெரிக்காவில் 7 முதல் 17 வயது வரையுள்ள 112 பேரிடம் நடந்து 2004-ல் வெளியான ஆய்வில், பயிற்சியும் மருந்தும் சேர்ந்தபோது ஏறக்குறைய 54 சதவீதம் பேருக்கு நோய் அநேகமாக விலகியது. பயிற்சி மட்டும் என்றால் 39, மருந்து மட்டும் என்றால் 21. மாத்திரையோடு நிறுத்திக்கொள்ளும் பெற்றோரிடம் இந்தக் கணக்கை நான் சொல்லாமல் விடுவதில்லை.

பாலக்காட்டுக்கோ கோயம்புத்தூருக்கோ பஸ் ஏறினால் அன்றைய கூலி போய்விடும். வர முடியாதவர்கள் 14416-க்குப் போன் செய்யலாம், அரசின் டெலி மானஸ் சேவை, தமிழிலும் பேசுவார்கள். அந்தப் பையனுக்குப் பரீட்சை நேரத்தில் பழைய கேள்வி இன்னும் எட்டிப்பார்க்கிறது. என்ன செய்யவேண்டும் என்று இப்போது அப்பத்தாவுக்கும் தெரியும்.