மருந்து கேட்டது, தூக்கம்தான் கெட்டது

எதுக்களிப்பு அடங்கினால் குழந்தை வயிறாரக் குடிக்கும், வயிறு நிறைந்தால் நன்றாகத் தூங்கும். மகளுக்கு மூன்று மாதம் முடியும் சமயத்தில், இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் என்ற மருந்தை ஆரம்பித்தபோது நாங்கள் போட்ட கணக்கு இது. எதுக்களிப்பின் வலி அடங்கியது. மற்ற இரண்டும் தன் போக்கில் போயின.

பால் கக்குவது மட்டும் என்றால் மருந்தே தேவைப்பட்டிருக்காது. கைக்குழந்தைக்கு உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் இருக்கும் தசை இன்னும் முதிர்ந்திருக்காது. குடிப்பதெல்லாம் திரவம், நாள் முழுக்கப் படுக்கை வேறு. பால் மேலே வராமல் என்ன செய்யும்? நான்கு மாத வாக்கில் அதிகமாகி, பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் தானாக நின்றுவிடும். கக்கிவிட்டுச் சிரிக்கிற குழந்தைக்கு வைத்தியம் வேண்டாம், துணி துவைக்கிறவருக்குத்தான் வேண்டும் என்றார் எங்கள் மருத்துவர்.

இவள் சிரிக்கிற ரகமில்லை. நாலு வாய் குடித்ததும் முதுகை வில்லாக வளைத்து, புட்டியைத் தள்ளிவிட்டு வீறிடுவாள். எடையும் சரியாக ஏறவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுப்பது, இடையில் ஏப்பம் எடுப்பது, குடித்தபின் அரைமணி நேரம் தோளில் நிமிர்த்தி வைத்திருப்பது எல்லாம் செய்து பார்த்தாயிற்று. பசும்பால் புரதம் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் இப்படியே இருக்கும் என்பதால் புட்டிப்பாலையும் சில வாரம் மாற்றிப் பார்த்தோம். பலனில்லை. அதன் பிறகுதான் மருந்து, அதுவும் சில வாரங்களுக்கு மட்டும். அமிலம் குறைந்தால் தொற்று வரும் வாய்ப்பு சற்றுக் கூடும், அதனால் இழுத்துக்கொண்டே போகக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். மருந்து அமிலத்தைத்தான் குறைக்கும், கக்குவதை நிறுத்தாது என்பதையும்.

வளைவதும் வீறிடுவதும் குறைந்தன. ஆனால் அதுவரை இரவில் ஓரளவு சேர்ந்தாற்போல் தூங்கியவள் மணிக்கொரு தரம் எழ ஆரம்பித்தாள். எடைக்கு ஏற்ப அளவைக் கூட்ட வேண்டுமோ என்று கேட்டேன். அவர் திருப்பிக் கேட்டார்: எழும்போது நெளிகிறாளா, முதுகை வளைக்கிறாளா? தூக்கியதும் அடங்குகிறாளா? யோசித்தால், தூக்கிய நொடியே அடங்கினாள். அப்படியானால் இது வலியாக இருக்காது, வயசு என்றார். நான்கு மாதத்தை ஒட்டிக் குழந்தையின் தூக்கமே மாறுகிறது. ஒவ்வொரு சுற்று முடியும்போதும் லேசாக விழிப்பு தட்டும். எதில் தூங்கிப்போனதோ அதைத் தேடும். எங்கள் மகள் தேடியது தோளை. எதுக்களிப்புக்காகத் தோளில் வைத்த அந்த அரைமணி நேரத்திலேயே தினமும் தூங்கிப் பழகியிருந்தாள்!

தோளில் வைப்பதை விடவில்லை. கண் முழுதாகச் சொருகும் முன்பே படுக்கையில் விட்டோம். மல்லாக்க, சமமான படுக்கையில். தலைப்பக்கத்தை உயர்த்து, சாய்வு நாற்காலியிலேயே தூங்க வை என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மருத்துவர் கண்டிப்பாகக் கூடாது என்றார். சாய்வில் குழந்தை சரிந்து, முகவாய் நெஞ்சில் இடித்து, மூச்சு அடைபடலாம். மல்லாக்கப் படுத்தால் புரையேறாதா என்ற பயம் எனக்கும் இருந்தது. அந்த நிலையில் மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும், மேலே வரும் பால் கீழேயே திரும்பிவிடும் என்று ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். அப்புறம்தான் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது, மகளுக்கு வராவிட்டாலும்.

குடிப்பதுதான் பெரிய பாடு. வலி போய்விட்டது, வலித்த நினைவு போகவில்லை. கழுத்தில் துணியைக் கட்டியதுமே முகத்தைத் திருப்புவாள். அரைத் தூக்கத்தில் கொடுத்தால் மட்டும் மடமடவென்று உறிஞ்சுவாள். விழிப்பில் மறுத்து உறக்கத்தில் குடித்தால் பயம்தான் காரணம், வற்புறுத்தினால் அது இன்னும் இறுகும் என்றார். முகத்தைத் திருப்பினால் புட்டியைக் கீழே வைத்துவிட வேண்டும். சமாதானம், பாட்டு, விளையாட்டு காட்டி ஊட்டுவது எதுவும் கூடாது. ஒரு வேளைக் கணக்கு வேண்டாம், நாள் கணக்கைப் பாருங்கள், டயப்பர் வழக்கம்போல் நனைகிறதா பாருங்கள் என்றார். எடை பார்க்க அடிக்கடி வரச் சொன்னார். அந்தத் துணை இல்லாமல் வீட்டில் தனியாக இதில் இறங்க எனக்குத் துணிச்சல் வந்திருக்காது. முதலில் குடிக்கும் அளவு குறைந்தது. வீட்டில் எல்லோருக்கும் கை பரபரத்தது. பிறகு ஒரு மதியம், அகல விழித்திருந்தபோதே, தானாகப் புட்டியை எட்டிப் பிடித்தாள்.

பச்சையாகவோ ரத்தத்தோடோ வாந்தி, பீய்ச்சியடிக்கும் வாந்தி, சிறுநீர் குறைவது, குழந்தை துவண்டு கிடப்பது, இதில் எது தெரிந்தாலும் காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள் என்று சொல்லியிருந்தார். எங்களுக்கு அந்த நிலை வரவில்லை.

மருந்தை அவர் சொன்னபடி நிறுத்தினோம். இப்போதும் கக்குகிறாள். இரவில் எழுகிறாள், முன்பு போல் மணிக்கொரு தரம் இல்லை. அடுத்த முறை எடை பார்க்கும்போது, மருந்து மறுபடி வேண்டுமா என்று பேசலாம் என்றிருக்கிறார். வேண்டியிருக்காது என்பது என் கணிப்பு.