வேலை போன நேரத்தில் லைஃப் கோச் எதற்கு?

ஐடி துறையில் ஆட்குறைப்புச் செய்தி வந்தால் போதும், "90 நாளில் உங்கள் வாழ்க்கையை மாற்றிக் காட்டுகிறேன்" என்ற லைஃப் கோச் விளம்பரங்களும் இன்ஸ்டாகிராமில் கூடவே வந்துவிடுகின்றன. நானும் ஒரு லைஃப் கோச், அதாவது ஒருவரோடு உட்கார்ந்து பேசி, அடுத்து என்ன செய்வது என்று அவரே முடிவெடுக்க உதவுபவள் என்பதால் கோபம் இன்னும் அதிகமாக வருகிறது. அடுத்த மாத இஎம்ஐக்கு வழி தெரியாமல் நிற்பவரிடம் போய் உத்தரவாதம் விற்பது அநியாயம். நிலைமை எப்போது சரியாகும் என்று எந்த கோச்சுக்கும் தெரியாது.

அப்புறம் கோச் எதற்கு? ஓஎம்ஆரில் வேலை பார்த்த ஒருவர் (அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்) வேலை போனதை வீட்டில் சொல்லாமல், தினமும் காலையில் லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு வழக்கம்போலக் கிளம்பிக்கொண்டிருந்தார். என்னிடம் வந்தது ரெஸ்யூமே பற்றிப் பேச. ஆனால் பேசப் பேச, அவரை அரித்துக்கொண்டிருந்தது வேறு என்று புரிந்தது. "வீட்டில் சொல்லிவிடுங்கள்" என்று நான் சொல்லவில்லை, அது அவருக்கே தெரியும். "யாரிடம் முதலில் சொன்னால் கொஞ்சம் லேசாக இருக்கும்?" என்று மட்டும் கேட்டேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, "அக்காகிட்ட மேடம்" என்றார். அக்காவிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது, கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும், எந்தச் செலவை நிறுத்தலாம் என்று உட்கார்ந்து எழுதினோம், அன்றைக்கு அதற்கே நேரம் சரியாக இருந்தது. ரெஸ்யூமேவை அடுத்த முறைதான் எடுத்தோம்.

இன்னொரு பொறுப்பு, எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிவது. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, "நான் இல்லாமல் போனால் நல்லது" என்ற பேச்சு வருகிறது என்றால் அங்கே இலக்கு, திட்டம் என்று பேசிக்கொண்டிருப்பது ஆபத்து. உடனே மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 இருக்கிறது, 2022 முதல் இயங்குகிறது, இலவசம், தமிழிலேயே பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

இந்தியாவில் லைஃப் கோச் என்று போர்டு மாட்ட எந்த உரிமமும் தேவையில்லை. அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே எங்கே பயிற்சி எடுத்தார், பேசுவதை ரகசியமாக வைத்துக்கொள்வாரா, பாதியில் நிறுத்தினால் மீதிப் பணம் திரும்ப வருமா என்று கேட்டுவிடுங்கள். சம்பளம் வராத மாதத்தில் அந்த ஃபீஸ் வீட்டு மளிகைக்கான பணம், கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.