பிள்ளையைக் காலேஜில் சேர்க்கப் போகிறவர்களுக்கு

கேரளாவில் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கம் இருக்கிற நம்ம ஆட்களுக்குத்தான் இது. பெரியவன் படித்தபோது பி.ஏ. என்றால் மூன்று வருஷம், அத்தோடு சரி. 2024-லிருந்து இங்கே நாலு வருஷப் படிப்பு வந்துவிட்டது. மூன்றாவது வருஷம் 133 கிரெடிட்டோடு (ஒவ்வொரு பாடத்துக்கும் கிடைக்கும் புள்ளி) பட்டம் வாங்கிக்கொண்டு கிளம்பலாம், நாலாவது வருஷமும் இருந்து படித்தால் 177, ஹானர்ஸ் பட்டம். சீட் அலாட்மென்ட் வந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள், அப்புறம்தான் மேஜர் என்கிற முக்கியப் பாடத்தோடு சேர்த்து மைனர் என்கிற துணைப் பாடம் இரண்டு, துறைக்கு வெளியே ஒரு பாடம், ஆங்கிலம், இன்னொரு மொழி என்று முதல் செமஸ்டருக்கே ஆறு பாடம் முடிவு செய்ய வேண்டும். பிடித்த மைனரில் இடம் நிறைந்துவிடலாம், அதனால் இரண்டாவது, மூன்றாவது விருப்பத்தையும் வீட்டிலேயே பேசி வையுங்கள். அந்த இன்னொரு மொழி தமிழாக இருக்குமா என்று முதலிலேயே கேளுங்கள். சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறையே உண்டு, எல்லா இடத்திலும் கிடையாது.

சான்றிதழில் பெரிய தலைவலி இனிஷியல். என் மகளுக்கு ஆதாரில் முன்னால், எஸ்.எஸ்.எல்.சி.யில் பின்னால். வருமான, சாதிச் சான்றுக்கு அக்ஷயா என்கிற அரசு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கும் முன்பே இதைச் சரிபார்த்துவிடுங்கள், அட்மிஷன் சமயத்தில் அங்கே நிற்கக்கூட இடமிருக்காது.

அறிமுக நாளன்று நான் கேள்வி கேட்க எழுந்ததும் மகள் புடவையைப் பிடித்து இழுத்தாள், "அம்மா, உக்காரு, நானே கேக்கறேன்." கேட்டாள், நல்ல மலையாளத்தில். எனக்கு மிச்சமிருந்த ஒரே கேள்வி பஸ் சலுகை கார்டு எப்போது கிடைக்கும் என்பதுதான்.